கறுப்பு வெள்ளைப் படங்கள் எழுதிய விடுதலை வரலாறு

கல்விக்காக அமைந்த ஒரு சங்கத்தின் வெள்ளி விழா மலரில் புகைப்படத்தைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். எந்த மலரைக் கையில் எடுத்தாலும் எழுத்தைப் படிக்குமுன் நாம் படத்தையே பார்க்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டன்மார்க்கும் பாட்டிமார்க்கும் படம் ஒன்றே வரலாற்று நூலாக இருந்தது. அன்றியும், வெள்ளி விழாவுக்கும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் வேறோர் உறவும் உண்டு. வெள்ளியின் உப்புகள் ஒளி பட்டால் மாறுதல் அடைகின்றன. அவற்றைத் தக்க இரசாயனக் கரைசலில் இட்டால் ஒளி பட்ட இடத்தில் நுண்ணிய வெள்ளித் துகள்கள் தோன்றுகின்றன. அத்துகள்களே நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகின்றன. பழைய படத்தில் நாம் கறுப்பு என்று காண்பது உண்மையில் வெள்ளியே ஆகும். கறுப்பை இழிவென்று கற்பித்த உலகுக்கு இயற்கையே அளித்த மறுமொழி இது எனலாம்.

1839ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் டாகேர் என்பார் தம் புகைப்பட முறையை உலகறியச் செய்தார். அதுவரை தன் உருவத்தைப் பிற்காலத்தார்க்கு விட்டுச் செல்லும் உரிமை பெரும்பாலும் மன்னர்க்கும் செல்வர்க்குமே இருந்தது. ஓவியனுக்குப் பொன் கொடுக்க வல்லவனுக்கே வரலாற்றில் முகம் இருந்தது. புகைப்படம் அந்நிலையை மாற்றத் தொடங்கியது. ஆயினும் கருவி மட்டும் நீதியைத் தந்துவிடாது. அது யார் கையில் இருக்கிறது, யாரை நோக்கித் திருப்பப்படுகிறது என்பவற்றைப் பொறுத்தே அதன் பயன் அமையும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக விளக்குகிறது. அவ்வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே எம் விருப்பம்.

இழிவு செய்ய எடுத்த படங்கள்

1850ஆம் ஆண்டு, அகாசி என்னும் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரின் பொருட்டு, தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரில் அடிமைகளாயிருந்த ஏழு பேர் ஒரு புகைப்பட நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுடைய ஆடைகளைக் களையச் செய்து படம் எடுத்தனர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மூலத்தினின்று தோன்றியவர் அல்லர் என்று நிறுவுவதே அவர் நோக்கம். அவர்களுள் ரென்ட்டி என்னும் முதியவரும் அவர் மகள் டேலியாவும் இருந்தனர். அப்படங்கள் 1976இல் ஹார்வர்டு அருங்காட்சியகத்தின் பரண்மேல் கண்டெடுக்கப்பட்டன. ரென்ட்டியின் வழிவந்தவர் என்று உரிமை கோரிய ஒரு பெண்மணி 2019இல் வழக்குத் தொடுத்தார். 2025இல் உடன்பாடு ஏற்பட்டு, படங்களைப் பல்கலைக்கழகம் விட்டுக்கொடுத்தது.

இக்கொடுமை அயல்நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. 1868 முதல் 1875 வரை ஆங்கில அரசு 'இந்திய மக்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் எட்டுத் தொகுதிகளை வெளியிட்டது. அவற்றில் நம் நாட்டுச் சாதிகளும் பழங்குடிகளும் மாதிரிகளாகப் படம்பிடித்து அடுக்கப்பட்டனர். அப்பக்கங்களில் சாதியின் பெயர் முதன்மை பெற்றது; மனிதனின் பெயர் பெரும்பாலும் மறைந்தது.

தன் முகத்தைத் தானே தேர்ந்தவர்

இந்நிலையை எதிர்த்து எழுந்தவர் பிரடெரிக் டக்ளஸ். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, திருட்டுத்தனமாகவே எழுத்துக் கற்று, 1838இல் தப்பி வந்து விடுதலைப் பேச்சாளராகத் திகழ்ந்தவர் அவர். வெள்ளை ஓவியர்கள் கறுப்பரின் முகத்தை மிகைப்படுத்தாமல் வரைவது அரிது என்று அவர் வருந்தி எழுதினார். புகைப்படக் கருவிக்கு அவ்வாறான பகை இல்லை என்று அவர் கருதினார். ஆகவே நாற்பதுகளின் தொடக்கத்திலிருந்து 1895இல் மறையும் வரை மீண்டும் மீண்டும் படமெடுத்துக்கொண்டார். இன்று அறியப்படும் அவருடைய தனித்தனிப் படங்கள் ஏறத்தாழ 160. அந்நூற்றாண்டு அமெரிக்கருள் ஆபிரகாம் லிங்கனைக் காட்டிலும் மிகுதியாகப் படமெடுக்கப்பட்டவர் டக்ளசே ஆவார்.

அப்படங்களைக் காண்போர் ஒன்றைக் கவனிக்கலாம். அவர் அநேகமாக எதிலும் சிரிக்கவில்லை. மகிழ்ச்சியான அடிமை என்று ஆண்டைகள் பரப்பிய பொய்யை அவர் முகம் மறுத்தது. நேர்த்தியான மேலங்கி, வாரிய தலைமயிர், நேரான நோக்கு ஆகியவற்றைக் கண்டவர், இவரை விலைக்கு விற்றிருக்க இயலுமா என்று தம்மையே கேட்டுக்கொள்ளும் நிலை உண்டாயிற்று. படங்களின் ஆற்றலைப் பற்றி அவர் 1861இல் பாஸ்டன் நகரில் தனிச் சொற்பொழிவே ஆற்றினார்.

சோஜர்னர் ட்ரூத் என்னும் அம்மையாருக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. நியூயார்க் மாநிலத்தில் அடிமையாய்ப் பிறந்த அவர், தம் படத்தைச் சிறு அட்டைகளாக அச்சிட்டு விற்று, அவ்வருவாயில் தம் பணியை நடத்தினார். 1864இல் அப்படங்களின் பதிப்புரிமையைத் தம் பெயரிலேயே பதிவும் செய்தார். ஒரு காலத்தில் அவர் உடலையே பிறர் விற்றனர். பின்னர்த் தம் நிழலுக்கும் அவரே உரிமையாளர் ஆனார். இதனினும் பெரிய விடுதலை வேறு எது?

தழும்பும் தகுதியும்

1863இல் லூசியானாவின் ஒரு தோட்டத்திலிருந்து தப்பிய அடிமை ஒருவர், பேட்டன் ரூஜ் நகரில் இருந்த வடபுலப் படையின் பாசறையை அடைந்தார். கசையடித் தழும்புகள் புற்றுப்போல் எழுந்து நின்ற அவருடைய முதுகைப் படமெடுத்தனர். அப்படத்தைப் பார்த்து வரைந்த சித்திரம் அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் வெளிவந்தது. அடிமை முறை கருணையுள்ளது என்று வாதித்தவர்க்கு அம்முதுகு மறுமொழி கூறியது.

ஆனால் தழும்பை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் உலகம் இரக்கப்படும்; மதிக்காது. இதனை உணர்ந்தவர் அறிஞர் டியூ பாய்ஸ். 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கென ஒரு பகுதி அமைந்தபோது, அவர் ஜார்ஜியா மாநில மக்களின் 363 புகைப்படங்களைத் திரட்டி வைத்தார். மாணவர், ஆசிரியர், தொழிலாளர், கடைக்காரர், நல்லாடை அணிந்த மகளிர், வீடுகள், தேவாலயங்கள் ஆகியவை அவற்றில் இடம்பெற்றன. அடிமை முறை ஒழிந்த ஒரு தலைமுறைக்குள் அம்மக்கள் கல்வியால் எய்திய உயர்வை அவை காட்டின. அப்பணிக்காக அவருக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. மாதிரி மனிதர்களாகத் தம் இனத்தைக் காட்டிய அதே முறையைக் கையாண்டே, அம்முறையின் பொய்யை அவர் உடைத்தார்.

கொடியும் துடைப்பமும்

கன்சாஸ் மாநிலத்தில் 1912இல் பதினைந்தாம் குழந்தையாகப் பிறந்தவர் கார்டன் பார்க்ஸ். அடகுக் கடையில் வாங்கிய கேமராவைக் கொண்டு தாமே தொழில் கற்றார். 1942இல் வாஷிங்டனில் அரசுத் துறை ஒன்றில் படமெடுக்கச் சேர்ந்தார். நகரைச் சுற்றிப் பார்த்து வருமாறு தலைவர் அனுப்பினார். உணவு விடுதியிலும் துணிக்கடையிலும் திரையரங்கிலும் அவருக்கு இடமில்லை என்று மறுத்தனர். கொதிப்புடன் திரும்பியவரிடம், அக்கட்டடத்தைத் துப்புரவு செய்யும் அம்மையாரிடம் பேசிப் பார் என்று தலைவர் கூறினார்.

அவ்வம்மையார் எல்லா வாட்சன். அவருடைய தந்தை வெறிக் கும்பலால் கொல்லப்பட்டவர். குறைந்த கூலியில் பேரக் குழந்தைகளை வளர்த்து வந்தார். பார்க்ஸ் அவரை அமெரிக்கக் கொடியின் முன் நிறுத்தினார். ஒரு பக்கம் துடைப்பம். மறுபக்கம் தரை துடைக்கும் கோல். அழுகை இல்லை, முறையீடு இல்லை. அவர் நேரே பார்க்கிறார். நாட்டின் கொடியும் நாட்டைத் துடைக்கும் கையும் ஒரே சட்டத்துள் நிற்கின்றன. துப்புரவுப் பணியைப் பிறப்பால் சுமத்திய நாட்டில் வாழும் நமக்கு அப்படத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. பின்னர், 1948இல், பார்க்ஸ் லைஃப் இதழில் பணியேற்ற முதல் கறுப்பினப் புகைப்படக்காரர் ஆனார். வறுமைக்கும் இனவெறிக்கும் எதிராகத் தாம் தேர்ந்துகொண்ட ஆயுதம் கேமராவே என்று அவர் கூறி வந்தார்.

ஒரு தாயின் துணிவு

1955 ஆகஸ்டு 28ஆம் நாள், சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினரைக் காணச் சென்றிருந்த எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனை வெள்ளையர் கடத்திக் கொன்றனர். முகம் சிதைந்த உடல் ஆற்றிலிருந்து மீட்கப்பட்டது. அவன் தாய் மாமி, பேழையை மூடக்கூடாது என்று உறுதியாக நின்றார். தன் மகனுக்கு நேர்ந்ததை உலகம் காணட்டும் என்பதே அவர் முடிவு. பல்லாயிரவர் வரிசையில் நின்று கண்டனர். கறுப்பின மக்களின் ஜெட் இதழ் அப்படத்தை வெளியிட்டது. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு கொலைஞரை விடுவித்தது. சில திங்களில் அவர்களே பணம் பெற்றுக்கொண்டு ஓர் இதழுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். நீதிமன்றம் கைவிட்டதைப் படம் கைவிடவில்லை. சிறுவன் இறந்து நூறு நாள்கள் நிறைவதற்குள், மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் எழ மறுத்தார்.

1963 மே மாதம் பர்மிங்காம் நகரில் பள்ளிப் பிள்ளைகள் மீது காவல் நாய்களும் தீயணைப்புக் குழாய்களின் நீரும் ஏவப்பட்டன. சார்லஸ் மூர் முதலியோர் எடுத்த படங்கள் உலகெங்கும் அச்சேறின. 1964 ஜூலை 2ஆம் நாள் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. படம் மட்டுமே சட்டத்தைக் கொண்டுவந்தது என்று நாம் கூறவில்லை; சிறை சென்றவர்களின் தியாகமே அடிப்படை. ஆனால் அத்தியாகம் மறைக்கப்படாமல் காத்தது படமே.

நிறமின்மையின் ஆற்றல்

இப்படங்களில் வண்ணம் இல்லாதது குறையாகத் தோன்றவில்லை. ஆடையின் நிறமும் சுவரின் நிறமும் விலகிவிடும்போது, கண் நேரே முகத்துக்குச் செல்கிறது. ஒளியும் நிழலும் நெற்றிச் சுருக்கத்தையும் கைக்காய்ப்பையும் எடுத்துக் காட்டுகின்றன. மலிவான செய்தித்தாளிலும் அச்சிடக்கூடிய எளிமையால் அது ஏழைகளின் கைக்கும் எட்டியது. பழைய தகடுகள் செந்நிற ஒளியை உணராமையால் மாநிறத் தோல் உள்ளதைவிட இருண்டு தோன்றும். அக்குறையை விளக்கொளியாலும் கைத்திறனாலும் வென்றவர்கள் உண்டு. 1911இல் வாஷிங்டனில் நிலையம் திறந்த ஆடிசன் ஸ்கர்லாக் தம் மக்களின் தோலின் ஒவ்வொரு சாயலையும் மதிப்போடு படத்தில் கொணர்ந்தார்.

நமக்குரிய கடமை

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் பயின்ற அண்ணல் அம்பேத்கர், 1946இல் டியூ பாய்சுக்கு மடல் எழுதி, இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். டியூ பாய்சும் பரிவோடு மறுமொழி விடுத்தார். அண்ணலின் படம் இன்று நம் குடிசைகளிலும் உண்டு. கோட்டு அணிந்து, நூலுடன், தலை நிமிர்ந்து நிற்கும் அக்கறுப்பு வெள்ளை உருவம், மேலாடை அணியவும் உரிமை மறுக்கப்பட்ட மக்களுக்கு எத்தனை சொற்பொழிவுகளுக்கு நிகரானது என்பதை நம் பெரியோர் அறிவர். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் திரண்ட மக்கள் வெள்ளத்தையும் அத்தகைய படங்களே நமக்குக் காட்டுகின்றன.

இளைஞர்களே! உங்கள் வீட்டுப் பெட்டியில் செல்லரிக்கும் பழைய படங்கள் இருக்கலாம். முதன்முதலில் பள்ளி சென்ற பிள்ளை, இரவுப் பாடசாலை நடத்திய பெரியவர், கூலி உயர்வு கேட்டு நின்ற தாய்மார் ஆகியோரின் முகங்கள் அவற்றில் இருக்கலாம். அவர்களை அறிந்த முதியோர் உயிருடன் இருக்கும்போதே, படத்தில் இருப்போர் யார், எவ்வூர், எவ்வாண்டு என்று கேட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். ஈரமும் வெயிலும் படாமல் காப்பாற்றுங்கள். பெயர் இல்லாத படத்தைப் பிறர் மாதிரி என்பர். பெயர் எழுதிய படமே வரலாறாகும்.

இன்று ஒவ்வோர் இளைஞர் கையிலும் கேமரா இருக்கிறது. அநீதி நிகழுமிடத்தில் அது சாட்சியாகட்டும். ஆனால் துன்பப்பட்டவரின் ஒப்புதலின்றி அவர் துயரை ஊருக்குக் காட்டாதீர். மாமி டில்லின் படத்துக்கு வலிமை தந்தது அத்தாய் தாமே எடுத்த முடிவு. நம் வெற்றிகளையும் படமெடுங்கள். பட்டம் பெற்ற மகளும் வாசகசாலையில் அமர்ந்த முதியவரும் நாளைய தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்லும் சொத்து. நம்மைப் பிறர் படமெடுத்த காலம் போதும். இனி நம் முகத்தை நாமே காட்டுவோம், நம் வரலாற்றை நாமே எழுதுவோம்.