ஜார்ஜ் டவுன்: ஐந்தடிப் பாதையும் அண்டை அயலும்

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனின் பழைய நகரப் பகுதி, பல இனத்தவரும் சமயத்தவரும் கூப்பிடு தூரத்தில் சேர்ந்து வாழ்ந்த துறைமுகக் குடியிருப்பு. 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இத்தீவில் இறங்கிய பின் இந்நகரம் உருவானது. லைட் தெரு, கடற்கரைத் தெரு, சூலியா தெரு, பிட் தெரு ஆகிய நான்கும் இதன் தொடக்க கால எல்லைகள். இந்தச் சிறிய கட்டத்தை ஒருவர் அரை மணி நேரத்தில் நடந்தே சுற்றி வந்துவிடலாம்.

சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல். இவர்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன், காப்பித்தான் கெலிங் என்று அழைக்கப்பட்டார். 1801இல் அவர் நிறுவிய பள்ளிவாசல் பிட் தெருவில் உள்ளது. (கெலிங் என்ற சொல் இன்று மலேசியத் தமிழரைப் புண்படுத்தும் வசைச்சொல்லாகிவிட்டது. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் பழைய மதிப்போடு நிற்கிறது.) இதே தெருவில் சீனர்களின் குவான் யின் கோயிலும், 1818இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயமும் உள்ளன. 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாமாரியம்மன் கோயிலின் பின்புறம் இத்தெருவைப் பார்த்திருக்கும். வாசலோ குயின் தெருவில். ஆக, நான்கு வழிபாட்டிடங்களுக்கும் நடந்து செல்லப் பத்து நிமிடமே போதும்.

கடைவீடும் ஐந்தடிப் பாதையும்

இந்நகர வாழ்க்கையைப் புரிந்துகொள்ளக் கடைவீட்டைப் பார்க்க வேண்டும். முகப்பு குறுகியது, உட்புறம் மிக நீளமானது. கீழே கடை அல்லது பட்டறை, மேலே குடும்பம். நடுவில் ஒளியும் காற்றும் மழையும் இறங்கும் திறந்த முற்றம். செட்டிநாட்டு வீட்டை அறிந்தவர்களுக்கு இம்முற்றம் புதிதாகத் தோன்றாது. வேலைக்குப் போவதென்றால் பலருக்கு மாடிப்படி இறங்குவதுதான்.

வீட்டு முகப்பில், மேல்மாடியைத் தாங்கும் தூண்களுக்கு உட்புறமாக ஒரு நடைபாதை ஓடும். ஆங்கிலத்தில் 'ஃபைவ் ஃபுட் வே', மலாயில் 'காக்கி லீமா', ஹொக்கியன் சீனத்தில் 'கோ கா கி' என எல்லா மொழியிலும் ஐந்தடி என்ற அளவே இதன் பெயர். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டம் இத்தகைய தொடர் நடைபாதையைக் கட்டாயமாக்கியது. பின்னர் இது மலாயாவின் பிற நகரங்களுக்கும் பரவியது. வெயிலும் மழையும் ஓயாத ஊரில் நனையாமல் நடக்க இதைவிட எளிய ஏற்பாடு இல்லை.

சட்டப்படி இது பொதுவழி. நடைமுறையில் இது திண்ணை. தையற்காரர், பூட்டு பழுதுபார்ப்பவர், சில்லறை வணிகர் எனச் சொந்தமாகக் கடை பிடிக்க இயலாதவர்கள் தூணோரம் பிழைத்தனர். பிள்ளைகள் இங்கே விளையாடினர், முதியோர் நாற்காலி போட்டு அமர்ந்தனர். அந்நியர் யார், அண்டைவீட்டார் யார் என்பது உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். வழியை அடைத்துக்கொள்வதாக நகராட்சிக்கும் கடைக்காரர்களுக்கும் பூசலும் தொடர்ந்தது. இன்று அந்த இடத்தைப் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்கள் பிடித்துக்கொள்கின்றன.

உணவும் நடந்தே வந்தது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சோற்றையும் குழம்பையும் காவடிபோல் தோளில் தூக்கித் துறைமுகத் தொழிலாளர்களிடம் கொண்டுசென்றனர். அந்தத் தோள்தடியின் பெயரால் அமைந்ததே 'நாசி கண்டார்'. பினாங்குத் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகளில் வட்டித்தொழில் நடத்தினர். தைப்பூசத்தையொட்டி அங்குள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்படும் அவர்களின் வெள்ளி ரதத்தின் முன் தேங்காய் உடைப்போரில் சீனர்கள் இன்றும் ஏராளம்.

பூசலும் ஒற்றுமையும்

இவற்றைக் கொண்டு இந்நகரம் எப்போதும் இணக்கமாக இருந்தது என்று முடிவுகட்டுவது தவறாகும். பிட் தெரு இப்போது 'நல்லிணக்கத் தெரு' என்று சுற்றுலாப் பயணிகளுக்கு அறிமுகப்படுத்தப்படுகிறது. ஆனால் 1867 ஆகஸ்டில் இதே பகுதியில் பத்து நாட்கள் தெருச்சண்டை நடந்தது. அது இனத்துக்கு இனம் நடந்த சண்டை அல்ல என்பதுதான் வியப்பு. கீ ஹின் என்ற சீன இரகசியச் சங்கத்துடன் முஸ்லிம்களின் வெள்ளைக்கொடிச் சங்கமும், தோ பே கோங் சங்கத்துடன் செங்கொடிச் சங்கமும் அணிசேர்ந்தன. நட்பும் பகையும் அண்டை வீதிகளையும் தொழிலையும் ஒட்டியே அமைந்தன.

1941 டிசம்பரில் வேறொரு சோதனை வந்தது. டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் நகரின் மீது குண்டு வீசின. சில நாட்களில் ஆங்கிலேயர்கள் ஐரோப்பியரை மட்டும் இரவோடிரவாக வெளியேற்றினர். ஆசியர்களுக்கு அறிவிப்புகூட இல்லை. அப்போது 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' இதழின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் எம். சரவணமுத்து, பல சமூகத்தவரும் சேர்ந்த குழுவுக்குத் தலைமை ஏற்றார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரித்தானியக் கொடியை அவரே இறக்கினார். ஆங்கிலேயர் சென்றுவிட்டதை வானொலி வழியே ஜப்பானியருக்கு அறிவித்து, மேலும் குண்டு விழாமல் தடுக்க முயன்றார். பாதுகாப்பதாகச் சொன்ன அரசு கைவிட்டுப் போன நாட்களில் ஊரைக் கவனித்துக்கொண்டது அண்டை அயலார்தான்.

வாடகைச் சட்டமும் வெளியேற்றமும்

1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைச் சட்டம் உறைய வைத்திருந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. வருமானம் இல்லாததால் உரிமையாளர்கள் வீடுகளைப் பழுதுபார்க்கவில்லை. எனினும் பொற்கொல்லர், ஊதுபத்தி செய்பவர், பிரம்பு முடைபவர், சொங்கோக் தொப்பி தைப்பவர் போன்றோர் நகரின் நடுவே தங்கியிருக்க முடிந்தது அந்தக் குறைந்த வாடகையால்தான். கட்டடங்கள் சிதைந்தன, மக்கள் இருந்தனர்.

அச்சட்டம் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி 1 முதல் வாடகை உரிமையாளர் விருப்பத்துக்கு விடப்பட்டது. தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. காலியான மேல்மாடிகள் சிலவற்றில் உழவாரக் குருவிகள் வளர்க்கப்பட்டன. அவற்றின் கூட்டுக்குச் சீனச் சந்தையில் நல்ல விலை. 2008இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதி கிடைத்தது. 2012இல் ஆர்மீனியன் தெருச் சுவரில் எர்னஸ்ட் சக்காரெவிச் வரைந்த, மிதிவண்டியில் செல்லும் சிறுவர் ஓவியம் பயணிகளைக் குவித்தது. இப்போது கட்டடங்கள் செப்பமாயின. அவற்றில் பல தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் ஆயின.

கடைவீடுகள் எல்லாம் தனியார் கையில் இல்லை. சீனக் குலச் சங்கங்கள், பள்ளிவாசலின் வக்ஃபு, கோயில்கள் ஆகியவையும் இங்கே பெரும் நிலவுடைமையாளர்கள். ஒரு தையற்காரர் தன் பழைய தூணோரத்தில் இன்னும் பத்தாண்டு இருப்பாரா என்பது பல தெருக்களில் இந்த அமைப்புகள் கேட்கும் வாடகையைப் பொறுத்தது.