குறைந்தபட்ச வாகன நிறுத்துமிட விதி

புதிதாகக் கட்டப்படும் வீடு, கடை, அலுவலகம், மருத்துவமனை ஆகியவை தத்தம் மனைக்குள்ளேயே இத்தனை வண்டிகளுக்கு இடம் விட வேண்டும் என்று நகர நிர்வாகம் இடும் கட்டளை. வீட்டுக்கு இத்தனை, 1,000 சதுர அடிக் கடைக்கு இத்தனை, மருத்துவமனைப் படுக்கைக்கு இத்தனை என்று அட்டவணையாக இது வகுக்கப்படும். அந்த இடம் காட்டப்படாத வரைபடத்துக்குத் திட்ட அனுமதி கிடைக்காது. இருபதாம் நூற்றாண்டு நகரங்களின் தோற்றத்தை வெகுவாக மாற்றிய இந்த விதியைப் பற்றி, நூற்றாண்டின் இறுதிவரை நகரத் திட்டமிடல் நூல்களே அதிகம் பேசவில்லை.

தோற்றமும் பரவலும்

அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம் 1923இல் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இவ்விதியை விதித்தது. 1939இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ, தங்கும் விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் விதித்தது. கார்கள் பெருகித் தெருவோரங்கள் நிரம்பி வழிந்த காலம் அது. அதைச் சமாளிக்க நகரங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தெருவோர இடத்துக்குக் கட்டணம் வாங்குவது. 1935 ஜூலையில் ஓக்லஹோமா நகரில் முதல் பார்க்கிங் மீட்டர் நடப்பட்டது. கட்டணம் மணிக்கு ஐந்து சென்ட். மற்றது, புதிதாகக் கட்டுபவர் தலையில் அந்தப் பொறுப்பைக் கட்டிவிடுவது. மீட்டர் வைத்தால் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் ஏச்சு வாங்க வேண்டும். கட்டுபவர் மேல் சுமத்தினாலோ நகராட்சிக்குச் செலவில்லை, குடியிருப்போருக்கும் கோபமில்லை. பெரும்பாலான நகரங்கள் இரண்டாவதையே நம்பின. 1946இல் 76 அமெரிக்க நகரங்களில் எடுத்த கணக்கெடுப்பில் 17 விழுக்காடு நகரங்களில் மட்டுமே இவ்விதி இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் 71 விழுக்காடு நகரங்கள் அதை இயற்றிவிட்டன அல்லது இயற்றிக்கொண்டிருந்தன.

செலவு அப்போதும் போய்விடவில்லை. கட்டடத்தின் விலைக்குள் புகுந்துகொண்டது. இது அளந்து பார்க்கப்பட்ட முதல் இடங்களுள் ஒன்று கலிபோர்னியாவின் ஓக்லண்ட். அந்நகரம் 1961இல் வீட்டுக்கு ஒரு வாகன இடம் என்று விதித்தது. விதிக்கு முன்னும் பின்னும் கட்டப்பட்ட அடுக்ககங்களை ஒப்பிட்ட ஆய்வு, ஒரு வீட்டுக்கான கட்டுமானச் செலவு 18 விழுக்காடு ஏறியதையும், ஏக்கருக்கு எழும்பிய வீடுகளின் எண்ணிக்கை 30 விழுக்காடு குறைந்ததையும் காட்டியது. நிலத்தின் மதிப்பும் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. காரணம் எளிது. வாகன இடம் வீட்டின் அளவைப் பார்த்து அல்ல, வீடுகளின் எண்ணிக்கையைப் பார்த்தே கேட்கப்பட்டது. ஆகவே சிறு வீடுகள் பல கட்டுவதைவிடப் பெரிய வீடுகள் சில கட்டுவதே கட்டுநருக்கு ஆதாயமாயிற்று. கார் இல்லாத குடும்பமும் கார் நிற்கும் இடத்துக்கான விலையை வாடகையோடு சேர்த்துக் கட்டியது.

எண்கள் வந்த வழி

எந்தக் கட்டடத்துக்கு எத்தனை இடம் என்பதை நகரங்கள் எப்படி முடிவு செய்தன? பெரும்பாலும் பக்கத்து ஊர் அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொண்டன. இல்லையேல் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் கழகத்தின் கையேட்டைப் புரட்டின. அதன் 1987ஆம் ஆண்டுப் பதிப்பு, காரிலிருந்தபடியே வாங்கிச் செல்லும் வசதியுள்ள துரித உணவகத்துக்கு 1,000 சதுர அடிக்கு 9.95 இடங்கள் தேவை என்கிறது. இரண்டாம் தசமம் வரை துல்லியம். ஆனால் எண் வந்தது வெறும் 18 கடைகளைப் பார்த்து. அந்தக் கடைகளுக்கிடையே கண்ட வேறுபாட்டில் 4 விழுக்காட்டைக்கூடக் கடையின் பரப்பால் விளக்க முடியவில்லை. இப்படிப்பட்ட அளவீடுகள் பெரும்பாலும் பொதுப் போக்குவரத்து இல்லாத, நிறுத்தக் கட்டணமும் இல்லாத புறநகர்களில், கூட்டம் உச்சத்தில் இருந்த நேரத்தில் எடுக்கப்பட்டவை. இலவசமாகக் கொடுத்தால் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு வந்த விடையே சட்டமாயிற்று என்று சொல்வது மிகையாகாது.

இதை விடாமல் எடுத்துச் சொன்னவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் (இறப்பு 2025). இலவச நிறுத்துமிடத்தின் உண்மை விலையைப் பற்றிய அவரது பெருநூல் 2005இல் வெளிவந்தது. விதியை எடுத்துவிடுவது, தெருவோர இடத்துக்குத் தேவைக்கேற்பக் கட்டணம் வைப்பது, அந்த வருவாயை அதே தெருவுக்குச் செலவிடுவது ஆகிய மூன்றும் சேர்ந்தே அவரது பரிந்துரை. மூன்றாவது இல்லாமல் இரண்டாவதற்கு வணிகர்கள் இசையமாட்டார்கள் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். அவர் அடிக்கடி காட்டிய உதாரணம் லாஸ் ஏஞ்சலஸின் வால்ட் டிஸ்னி இசையரங்கு. 2003இல் திறக்கப்பட்ட அந்த அரங்குக்கு முன்பே, 1996இல், 11 கோடி டாலர் செலவில் அதன் அடியில் 2,188 கார்களுக்கான நிலத்தடி நிறுத்துமிடம் எழுந்துவிட்டது. அதைக் கட்ட வாங்கிய கடனை அடைக்கப் பருவத்துக்கு 128 கச்சேரிகளாவது நடத்த வேண்டும் என்று குத்தகை ஒப்பந்தம் நிபந்தனை போட்டது.

பிற நாடுகள்

ஜெர்மனியில் 1939 பிப்ரவரியில் வந்த வாகனக் கொட்டகை ஆணை, வீடும் பணியிடமும் கட்டுவோர் வண்டிக்கும் இடம் செய்ய வேண்டும் என்றது. பெர்லின் 1997இல் இதைக் கைவிட்டது. ஹாம்பர்க் 2014இல் குடியிருப்புகளுக்கு மட்டும் நீக்கியது.

ஜப்பான் தலைகீழ் வழியில் சென்றது. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே கார் வாங்குபவர்தான் அதை நிறுத்த இடம் இருப்பதைக் காட்டிக் காவல்துறையிடம் சான்று பெற வேண்டும். அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரவு முழுவதும் தெருவில் விட அனுமதியில்லை. டோக்கியோவின் குறுந்தெருக்களில் கார்கள் வரிசைகட்டி நிற்காததற்கு இது முக்கியக் காரணம்.

விதி நீக்கம்

லண்டன் 2004இல் குறைந்தபட்சத்தை எடுத்துவிட்டு உச்சவரம்பு வைத்தது. புதிய குடியிருப்புகளில் வாகன இடங்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தன. அந்தக் குறைவில் 98 விழுக்காடு பழைய கட்டாயம் போனதால் வந்தது, உச்சவரம்பின் பங்கு வெறும் 2 விழுக்காடு என்று 2013இல் வெளியான ஆய்வு கண்டது. கட்டுநர்கள் தாமாக அவ்வளவு இடம் விட ஒருபோதும் விரும்பியதில்லை என்பதே இதன் பொருள். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ 2017இல் நகர் முழுதும் விதியை நீக்கியது. அடுத்த இரண்டாண்டுகளில் வந்த பெரிய திட்டங்களில் 47 விழுக்காடு மட்டுமே பழைய அளவுக்குக் குறைவாக இடம் விட்டன. விதி போனால் நிறுத்துமிடமே இராது என்ற அச்சத்துக்கு இது நல்ல பதில். நியூசிலாந்து தன் முக்கிய நகரங்கள் எல்லாம் 2022 பிப்ரவரிக்குள் இதைக் கைவிட வேண்டும் என்று ஆணையிட்டது. 2023 தொடக்கத்திலிருந்து கலிபோர்னியாவில் முக்கியப் பொதுப் போக்குவரத்து நிறுத்தங்களிலிருந்து அரை மைலுக்குள் இவ்விதியை நகரங்கள் திணிக்க முடியாது. டெக்சஸின் ஆஸ்டின் அதே ஆண்டு நவம்பரில் நகர் முழுதும் நீக்கியது.

இந்தியா

இந்திய நகரங்களில் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. கார்கள் பெருகப் பெருக அட்டவணை எண்களும் உயர்ந்தன. இங்கு அளவுகோல் ‘சமான கார் இடம்’: திறந்தவெளியில் 23 சதுர மீட்டர், கட்டடத்துக்கு அடியில் தூண்கள் மட்டும் நிற்கும் தூண் தளத்தில் 28, நிலவரையில் 32. அதாவது, நிலவரையில் ஒரு கார் பிடிக்கும் இடத்தில் ஒற்றை அறை வீடு அடங்கிவிடும். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கார்களோடு இருசக்கர வண்டிகளுக்கும் அளவு வகுத்துள்ளன. வண்டி நிறுத்த விடும் தூண் தளம், மனையின் பரப்புக்கேற்ப எவ்வளவு கட்டலாம் என்று வரையறுக்கும் தளப்பரப்புக் குறியீட்டில் சேராது. சென்னையில் ‘ஸ்டில்ட்’ எனப்படும் இந்தத் தூண் தளம் வைக்காத புது அடுக்ககத்தைக் காண்பது அரிதாகிவிட்டதற்கு இந்தச் சலுகையும் ஒரு காரணம்.

விதி கட்டாயமாக்கிய இடத்தைக் கட்டுநர் தனியே விற்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. மும்பை வழக்கொன்றில் 2010 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, தூண் தள நிறுத்துமிடம் பொதுப் பகுதி, அதைத் தனிச்சொத்தாக விற்க முடியாது என்றது. 2016ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டம் திறந்தவெளி நிறுத்துமிடத்தைப் பொதுப் பகுதியில் சேர்த்தது; கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ளதை மட்டுமே கராஜ் என்று வரையறுத்தது. கூரை இருந்தும் சுவரில்லாத தூண் தளம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.