மாதோட்டம்: தொல்லியல் தளமும் அதைக் காணும் முறையும்

மாதோட்டம் (மாந்தை) இலங்கையின் வடமேற்குக் கரையில், மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலப்பரப்பில் இருந்த பண்டைத் துறைமுக நகரம். பாளி நூல்களில் இதன் பெயர் மகாதித்த. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரக் கோயில் இந்நகரின் மண்மேட்டிலேயே அமைந்துள்ளது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னார்க் கோட்டையைக் கட்டினர். அதற்கு முந்திய மன்னாரை அறிய விரும்புபவர் முதலில் வரவேண்டிய இடம் மாதோட்டம். ஆனால் இங்கே காணக் கிடைப்பது நிலம் மட்டுமே. நகரத்தின் பெயரைத் தாங்கிய சோழர்காலக் கல்வெட்டு கொழும்பில் இருக்கிறது. ஆகவே பயணத்தையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: முதலில் மேடு, பிறகு நூதனசாலை. மேட்டில் நடந்தவருக்குத்தான் கல்வெட்டு சொல்லும் ஊர் கண்முன் வரும்.

இராமர் அணைத் திட்டுகளால் ஆழம் குறைந்த இந்தக் கடலில் பெரிய மரக்கலங்கள் நேரே கடந்து செல்ல முடியாது. சரக்கை இறக்கி மாற்றியாக வேண்டும். அருவியாற்றின் வழியே உள்நாட்டில் அநுராதபுரம் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் மாதோட்டத்தை வளர்த்தன. 11ஆம் நூற்றாண்டில் அநுராதபுரம் தலைநகர நிலையை இழந்தபின் துறைமுகமும் மெலிந்தது.

இங்கு 1887இல் போக், 1920களில் ஹோகார்ட், 1950இல் சண்முகநாதன் ஆகியோர் அகழ்ந்தனர். 1980இல் ஜோன் கார்ஸ்வெல் தொடங்கிய பெரிய அகழாய்வை உள்நாட்டுப் போர் 1984இல் நிறுத்திவிட்டது. அதன் முழு அறிக்கை வெளிவர 2013 ஆயிற்று. ஒரு தலைமுறைக் காலம் இந்த மண் சொன்னதை நாம் கேட்காமலே இருந்தது பெரிய இழப்பு. மேட்டின் அடியில் இடைக்கற்கால மக்களின் நுண்கற்கருவிகள் கிடைத்தன. மேலடுக்குகளில் சீனப் பீங்கானும், பாரசீக வளைகுடாப் பகுதியின் நீலப்பச்சை மெருகோட்டுப் பானைகளும், மணிகளும், அறுத்த சங்குத் துண்டுகளும் வந்தன. 2009–10இல் நடந்த அகழாய்வில் மண்ணை நீரில் அலசி, கருகிய தானியங்களைப் பிரித்தெடுத்தார்கள். உள்ளூர் நெல்லோடு மிளகும், தொலைவிலிருந்து வந்த கோதுமையும், திராட்சை விதையும் அதில் இருந்தன. கி.பி. 900–1100 காலத்துக் கராம்பு மொட்டும் இருந்தது. கராம்பு அக்காலத்தில் விளைந்த இடம் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். விரல்நுனியில் அடங்கும் அந்த மொட்டு கடந்து வந்த கடலை எண்ணிப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய துறைமுகம் என்பது விளங்கும்.

மன்னார் நகரிலிருந்து தளம் ஏறத்தாழ 10 கி.மீ. தூரம், ஓட்டோவில் போகலாம். காலையில் போவது நல்லது. வெயில் கடுமை, நிழல் குறைவு, நண்பகலில் கோயில் நடையும் சாத்தப்படும். நகரைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் ஓடிய இரட்டை அகழியின் பள்ளத்தை முதலில் தேடிப் பார்த்துவிட்டு மேட்டுக்கு ஏறினால் ஊரின் அளவு பிடிபடும். பிறகு கோயிலின் பாலாவித் தீர்த்தம். போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலை மீட்டெடுக்க 1872இல் ஆறுமுக நாவலர் குரல் எழுப்பினார். இன்று நாம் காண்பது அதற்குப் பின் எழுந்த கோயில். சிவராத்திரியன்று அடியார்கள் பாலாவி நீரைக் குடத்தில் சுமந்து சிவலிங்கத்துக்கு வார்ப்பார்கள். வழிபடுபவருக்கு அதுவே உகந்த நாள். மேட்டை நிதானமாகப் பார்க்க விரும்புபவர் வேறு நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம்.

மழைக்குப் பின் ஓட்டுத் துண்டுகள் மண்ணுக்கு மேலே தெரியும். பார்க்கலாம், படமெடுக்கலாம், எடுத்துச் செல்லவே கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொல்பொருள்களைக் காக்கிறது. அதற்கும் மேலே, எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத ஓடு ஆய்வுக்குப் பயன்படாது.

இன்னொரு நாள் இருந்தால் மன்னார் மாவட்டத்திலேயே உள்ள கட்டுக்கரைக்குப் போகலாம். 2016–17இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் அங்கே அகழ்ந்து, கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களையும் சுடுமண் உருவங்களையும் வெளிக்கொணர்ந்தார். தெற்கே, புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பில் ஆதிச்சநல்லூரை நினைவூட்டும் தாழிக்காடு உண்டு. அது வில்பத்து தேசிய பூங்காவுக்குள் இருப்பதால் அனுமதியில்லாமல் நுழைய முடியாது.

கொழும்பு தேசிய நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. மாதோட்டம் இராசராசபுரம் என்று பெயர் மாறியதையும், அங்கே தாழிகுமரன் என்பவர் இராசராசேச்சரம் எடுப்பித்ததையும் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அங்குதான் சேர்க்கப்பட்டது. வைகாசி விசாகத் திருவிழாவுக்கான ஏற்பாடும் அதில் வருகிறது. எழுத்துகள் தேய்ந்திருப்பதால், பதிப்பிக்கப்பட்ட வாசகத்தின் படி ஒன்றைக் கையில் கொண்டுபோய் வரிவரியாக ஒப்பிட்டுப் படிப்பது நல்லது. அதற்கு ஒரு மணிநேரமாவது ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.