தசை வளர்ப்பு உணவு

தண்டால், பஸ்கி, பார் எடுத்தல், கர்லாக்கட்டை சுற்றுதல் முதலிய பயிற்சிகளை வீட்டிலேயே செய்து தசையைப் பெருக்க விரும்புவோர் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளும் உணவு தசை வளர்ப்பு உணவு எனப்படும். பயிற்சி தசையைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட தசை வளரத் தேவையான பொருள் உணவிலிருந்தே வரவேண்டும். அப்பொருளில் தலையாயது புரதம். எனினும் மொத்தக் கலோரி போதாத இடத்தில் புரதத்தை மட்டும் கூட்டிப் பயனில்லை. உடற்பயிற்சிக்கூடம் செல்பவருக்கும் வீட்டுத் திண்ணையில் தண்டால் எடுப்பவருக்கும் உணவுத் தேவை ஒன்றே. தென்னிந்தியச் சமையலறையில் வழக்கமாக உள்ள பொருள்களே இத்தேவைக்குப் போதுமானவை.

வரலாறு

கிரேக்க விளையாட்டு வீரர்களின் முதன்மை உணவு தொடக்கத்தில் பாலாடைக்கட்டியாக இருந்தது. இறைச்சி உண்ணும் வழக்கத்தை ஸ்டிம்பாலஸ் ஊரைச் சேர்ந்த டிரோமியஸ் என்ற நெடுந்தொலைவு ஓட்டக்காரர் தொடங்கியதாக கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌசானியாஸ் எழுதியுள்ளார். கி.மு. 6ஆம் நூற்றாண்டு மல்லரான குரோட்டன் நகரத்து மைலோ ஒரு கன்றை அது காளையாகும்வரை நாள்தோறும் தோளில் சுமந்தார் என்னும் கதை, சுமையைப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சி முறைக்கு எடுத்துக்காட்டாக இன்றும் சொல்லப்படுகிறது. ரோமானிய வாள்போர் வீரர்களுக்கு பார்லி தின்னிகள் என்ற பட்டப்பெயர் உண்டு. இன்றைய துருக்கியிலுள்ள எபேசு நகரில் கிடைத்த அவ்வீரர்களின் எலும்புகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவுகளும், அவர்கள் பெரும்பாலும் தானியமும் பயறும் உண்டு வாழ்ந்ததையே காட்டின.

தமிழில் மல்லரின் உணவைப் பற்றிய பழைய குறிப்பு புறநானூற்றில் உள்ளது. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். அதே கிள்ளியைப் பற்றிப் பாடிய நக்கண்ணையார், அவன் கூழுண்டு வாழ்ந்தபோதும் பெருந்தோள் படைத்தவனாக இருந்ததை வியக்கிறார் (புறம் 84). தானிய உணவிலும் தோள் திரளும் என்பதற்கு இது தொன்மையான சான்று.

மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம் மற்போருக்குத் தனிப்பகுதி ஒதுக்கியுள்ளது. மல்லர்களை வயது, உருவம், வலிமை ஆகியவற்றால் அது வகைப்படுத்துகிறது. அவர்களுக்குப் பருப்பு, இறைச்சி, பால், இனிப்பு ஆகியவற்றை அரசனே அளிக்க வேண்டும் என்கிறது. குஜராத்தின் மல்லர் குலத்தோடு தொடர்புடைய மல்லபுராணம் பருவத்துக்கேற்ற உணவையும் விதிக்கிறது. வடநாட்டு அகாடாக்களில் (மற்பயிற்சிக் கூடங்களில்) பால், நெய், பாதாம் ஆகிய மூன்றும் மல்லர் உணவாக நிலைபெற்றன. காமா பயில்வான் (1878–1960) நாள்தோறும் ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தார் எனவும், படிக்கணக்கில் பால் குடித்தார் எனவும் கூறுவர். இரும்புக் கருவிகளை நம்பாத உடற்பயிற்சி மரபுக்கு அவரே தலைசிறந்த சான்று.

1904–05இல் இந்தியாவில் பயணம் செய்த உடற்கட்டு வல்லுநர் யூஜின் சாண்டோ (1867–1925) அஞ்சல் வழியாக வீட்டுப் பயிற்சி கற்பித்ததோடு தம் பெயரில் கோகோ மாவும் விற்றார். பயிற்சியையும் டப்பாச் சரக்கையும் ஒரே கையால் விற்கும் வணிகத்துக்கு முன்னோடி அவர். அவர் பெயர் தமிழகத்தில் பட்டமாகவே மாறியது. திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் அனைவரும் அறிந்தவர். பெங்களூரில் கே. வி. ஐயர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உடற்பயிற்சிக்கூடம் நடத்தியதுடன் அஞ்சல் வழியாகவும் பயிற்றுவித்தார்.

புரத அளவு பற்றிய வழக்கு

புரதம் என்ற பொருளுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரை 1838இல் நெதர்லாந்து வேதியியலாளர் முல்டர் அச்சேற்றினார். தசை இயங்கும்போது எரிபொருளாவது தசையின் புரதமே என்றும், எனவே உழைப்பவர் இறைச்சியை மிகுதியாக உண்ண வேண்டும் என்றும் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1840களில் கூறினார். இக்கொள்கையைச் சோதிக்க ஃபிக், விஸ்லிசெனஸ் என்னும் இரு அறிஞர்கள் 1865 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் ஃபௌல்ஹார்ன் மலையில் ஏறினர். முதல்நாள் நண்பகல் தொட்டே புரத உணவை விலக்கி, மாவுச்சத்தைக் கொழுப்பில் பொரித்த பணியாரத்தையே தின்றனர். சிறுநீரைச் சேர்த்து அதிலுள்ள நைட்ரஜனை அளந்தனர். உடலில் சிதைந்த புரதம் அவர்கள் ஏறிய உயரத்துக்கான வேலைக்கு ஈடாகவில்லை. லீபிக்கின் கொள்கை அத்துடன் வீழ்ந்தது. புரதம் தசையைக் கட்டுவதற்கு. அதை இயக்குவதற்கு மாவுச்சத்தும் கொழுப்பும் என்ற பாகுபாடு நிலைபெற்றது.

அளவு பற்றிய வழக்கு அதற்குப் பின்னும் ஓயவில்லை. உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் வேண்டும் என்றார் ஜெர்மானிய உடலியலாளர் ஃபாய்ட். அதில் பாதியே போதும் என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் சிட்டெண்டன் தம்மையும், படைவீரர்களையும், 8 மாணவ விளையாட்டு வீரர்களையும் சோதனைக்கு உட்படுத்தி 1904இல் வெளியிட்ட நூலில் காட்டினார்; வீரர்களின் வலிமை குறையவில்லை, கூடியது. இதை மறுத்து, வங்காளியரின் மெலிவுக்குப் புரதக் குறைவே காரணம் என்று கல்கத்தாவில் பணியாற்றிய மெக்கே 1912இல் எழுதினார். மெக்கேயின் வாதத்தில் குடியேற்ற ஆட்சியின் இனவாதம் கலந்திருந்தது.

குன்னூர் ஆய்வுக்கூடம்

இந்திய உணவியலின் பிறப்பிடம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூர். 1918இல் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். அது 1920களின் இறுதியில் உணவு ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்காக்கள், கன்னடியர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் ஆகியோரின் உணவைத் தனித்தனி எலிக்கூட்டங்களுக்கு அவர் ஊட்டினார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கிய உணவைத் தின்ற எலிகள் நன்கு கொழுத்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை உணவைத் தின்ற எலிகள் கடைசி நிலையில் நின்றன. குறை அரிசியில் இல்லை. அரிசியைத் தீட்டியதிலும், தட்டில் பாலும் பருப்பும் சுருங்கியதிலுமே இருந்தது.

மெக்காரிசனுக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்ட் காலத்தில், 1937இல், இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை முதன்முதலில் வெளிவந்தது. கீரை, பயறு, மீன் என ஒவ்வொன்றையும் நிறுத்து, அரைத்து, நைட்ரஜன் அளந்து எழுதப்பட்ட பட்டியல் அது. சி. கோபாலன் முதலியோர் அதைத் திருத்தி விரித்தனர். ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, பின்னர் தேசிய உணவூட்ட நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 2017இல் புதிய அட்டவணை வெளியாயிற்று.

உடலில் நடப்பது

உணவுப் புரதம் குடலில் அமினோ அமிலங்களாகச் சிதைந்து இரத்தத்தில் சேர்கிறது. அவற்றுள் 9 உடலால் ஆக்கிக்கொள்ள இயலாதவை. உணவில் வந்தே தீரவேண்டும். தசைப் புரதம் ஆக்கப்படுவதை முடுக்குவதில் லூசின் முதன்மையானது. பயிற்சி செய்த தசை ஒரு நாளோ அதற்கு மேலுமோ அமினோ அமிலங்களை மிகுதியாக ஏற்கிறது. ஆகவே பயிற்சி முடிந்த அரைமணிக்குள் உண்ணாவிட்டால் பலனில்லை என்னும் பேச்சுக்கு அடிப்படை இல்லை.

அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இட்லி, பொங்கல், அடை, பருப்புச் சாதம் ஆகியவை இக்கூட்டுக்கு எடுத்துக்காட்டு. தாவரப் புரதத்தால் தசை வளராது என்ற கருத்து இதனால் அடிபட்டுப் போகிறது.

வேண்டும் அளவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். இது பொதுமக்களுக்கு உரியது. தசைப்பயிற்சி செய்வோர் பற்றிய 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த கட்டுரை, கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேல் உண்பதால் கூடுதல் பலன் கிட்டுவதில்லை என்று கண்டது. அதன்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 96 கிராம் உச்ச அளவு. இதை ஒரே வேளையில் உண்ணாமல் மூன்று, நான்கு வேளையாகப் பகிர்ந்துகொள்வது நல்லது. மெலிந்தவர்கள் வழக்கமான உணவைவிட நாளொன்றுக்கு 300 கலோரி அளவு கூட்டி உண்ணலாம். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

உணவுப் பொருள்களின் வகைப்பாடு

*பயறும் பருப்பும்.* துவரை, பாசிப்பயறு, உளுந்து, கொள்ளு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு ஆகியவை உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 19 முதல் 25 கிராம் புரதம் உடையவை. தேகப்பயிற்சி செய்யும் இளைஞர்கள் இரவில் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, காலையில் நீரை வடித்து மென்று தின்பது நெடுநாள் வழக்கம். பச்சையாகத் தின்பதைவிட அவித்துச் சுண்டலாக்குவது நன்று. செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் வேகும்போது பெரிதும் அழிகின்றன. முளைகட்டிய பயறும் ஒரு கொதி வெந்தால் வயிற்றுப் பொருமல் குறையும். குழம்பில் எத்தனை பருப்பு இருக்கிறது என்பதே முக்கியம்: 15 கிராம் துவரம்பருப்பு சேர்ந்த ஒரு கிண்ணம் சாம்பாரில் கிடைப்பது 3 கிராம் புரதமே. தெளிந்த சாம்பாரைச் சோற்றில் ஊற்றிக்கொள்பவர் பருப்புண்டவர் ஆகார். கெட்டிப்பருப்பு, கூட்டு, அடை, சுண்டல் என்ற வடிவில் நாளொன்றுக்கு 100 கிராம் உலர்பருப்பு உள்ளே போவது குறிக்கோள்.

*சோயா.* எண்ணெய் நீக்கிய சோயா உருண்டை 100 கிராமில் ஏறத்தாழ 50 கிராம் புரதம் உள்ளது. விலை நோக்கில் இதற்கு நிகரில்லை.

*பாலும் பால்பொருளும்.* அரை லிட்டர் பாலில் ஏறக்குறைய 16 கிராம் புரதம் உண்டு. தயிர் 100 கிராமுக்கு 3 கிராம். பன்னீர் 18 கிராம். மோர் தாகம் தீர்க்கும். நீர் பெருகப் பெருகப் புரதம் அருகும்.

*முட்டை.* ஒரு முட்டையில் 6 கிராம். பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்வது பயில்வான் பாணியாகக் கருதப்படுகிறது. ஆனால் வெந்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு செரிக்க, பச்சை முட்டையில் 50 விழுக்காடே செரிப்பதாக அளந்துள்ளனர். மஞ்சள்கருவை எறிவதற்குக் காரணமில்லை. முட்டைப் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதிலேயே உள்ளது.

*மீனும் இறைச்சியும்.* மத்தி, நெத்திலி முதலியவை 100 கிராமுக்கு 20 கிராமை ஒட்டிய புரதம் உடையவை. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 22 கிராம். கருவாட்டில் புரதம் செறிந்திருந்தாலும் உப்பும் மிகுதி.

*எண்ணெய் வித்துகள்.* வேர்க்கடலை 100 கிராமில் 25 கிராம். கொழுப்பு பாதியளவு இருப்பதால் மெலிந்தவருக்கு ஏற்றது. பருத்தவர் அளவறிந்து உண்ண வேண்டும். பாதாமுக்குள்ள மதிப்பு அதன் விலையால் வந்தது.

*தானியங்கள்.* அரிசி 100 கிராமில் 7 முதல் 8 கிராம், கம்பில் 11 கிராம். கேழ்வரகு புரதத்தில் அரிசியை ஒத்தது. அதன் சிறப்பு சுண்ணாம்புச் சத்தில்.

ஒரு நாள் உணவு

60 கிலோ எடையுள்ள, முட்டை உண்ணும் ஒருவருக்கு: அரிசி 300 கிராம் (22 கிராம் புரதம்), பருப்பும் பயறும் 100 கிராம் (22), முட்டை 3 (18), பால் அரை லிட்டர் (16), வேர்க்கடலை 40 கிராம் (10), தயிர் 200 கிராம் (6). கூட்டினால் 94 கிராம். முட்டை உண்ணாதவர் அதற்கீடாக 40 கிராம் சோயா உருண்டை சேர்த்தால் 20 கிராம் கிட்டும். இவை யாவும் சமைக்குமுன் நிறுத்த எடை. காய், கீரை, பழம், தண்ணீர் ஆகியவை வழக்கம்போல் உண்டு. பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். வயிறு நிறைய உண்டு தண்டால் எடுப்பது ஆகாது.

வயிற்றுக்குள் போவது சரியாக இருந்தும் தசை வளரவில்லை எனில் பயிற்சியைப் பார்க்க வேண்டும். எண்ணிக்கையையோ கடினத்தையோ கூட்டாமல் ஆண்டு முழுவதும் அதே 20 தண்டாலை எடுப்பவருக்கு உணவால் ஆவது உடல் எடையே (காண்க: தண்டால்).

தற்கால நிலை

2020இல் கொரோனா ஊரடங்கின்போது வீட்டுப் பயிற்சி பரவியது. வே (whey) புரத மாவு, கிரியேட்டின் முதலியவை இன்று சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. தேசிய உணவூட்ட நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடலைப் பெருக்கப் புரத மாவு உண்பதைத் தவிர்க்கச் சொல்கிறது.