இளைஞர் ஈந்த ஓராண்டு

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில், மதுராந்தகத்திற்குச் சற்று முன்பாக அமைந்துள்ளது கருங்குழி. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அவ்வூர்க் கோட்டைக்காகப் போரிட்டனர். வந்தவர் போயினர், ஊர் நிலைத்தது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் அவ்வட்டாரத்தில் ஆயராகப் பணியாற்றியபோது, நகரக் கல்லூரி மாணவர் சிலர் கோடை விடுமுறையில் சேரியொன்றுக்கு வந்து, மாலைப் பள்ளி நடத்தினர். இளைஞருக்கு விளையாட்டுக் கழகமும் தொடங்கினர். அவர்கள் திரும்பிய பின் பத்து நாட்களுக்குள் எல்லாம் நின்றுபோயிற்று. ஒரு தாய் என்னிடம், “ஐயா, பிள்ளைகள் இன்னமும் விளக்கு வைக்கும் நேரத்தில் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்” என்றார். அச்சொல் இன்றும் என்னை விட்டகலவில்லை. படிப்பிற்கு இடையே இளைஞர் ஓராண்டைச் சமுதாயப் பணிக்கு ஈவது நன்றா என்னும் வினாவை, அத்திண்ணையை மனத்திற்கொண்டே வரலாற்றிடம் கேட்க விழைகிறேன்.

1. ஈந்தவன் பெற்றது

1929ஆம் ஆண்டுக் கோடையில், கேம்பிரிட்ஜில் பயின்ற 19 வயது மாணவர் ஒருவர், தெற்கு வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கிற்குச் சென்றார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையிழந்து வாடிய இடம் அது. குவேக்கர் அன்பர்கள் நடத்திய பணிமனையில், அத்தொழிலாளருக்குப் பொழுதுபோக்கும் தோழமையும் அளிப்பதே அவருடைய வேலை. விரைவிலேயே அவர் கண்டது தம் வெறுங்கையைத்தான். வேலையும் நம்பிக்கையும் இழந்தவர்க்கு விளையாட்டு எதைத் தரும்? மனமுடைந்து உறங்காதிருந்த ஓர் இரவில், விண்ணையும் மண்ணையும் இணைத்து நிற்கும் சிலுவையை அவர் மனக்கண்ணால் கண்டார். அம்மாணவரே பின்னாளில் பேராயராகிய லெஸ்லி நியூபிகின்.

1936இல் அவர் இந்தியா வந்தார்; அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காஞ்சிபுரத்தில் பணிபுரிந்தார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் முதற் பேராயர்களுள் ஒருவரானார். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தார். ரோண்டாவின் சுரங்கத் தொழிலாளர் அவரால் வேலை பெறவில்லை. அவரோ அவர்களிடையே தம் வாழ்வின் நங்கூரத்தைப் பெற்றார். கொடுக்கச் சென்றவனே முதலில் பெறுகிறான் என்பதை நாம் ஒளிவின்றி ஒப்புக்கொள்ள வேண்டும்.

2. இயக்கமாக வளர்ந்தது

பள்ளிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடைப்பட்ட ஆண்டை ஈதல் 1958இல் பிரிட்டனில் ஓர் இயக்கமாயிற்று. போர்ட்ஸ்மத் பேராயர் லான்ஸ்லட் ஃபிளெமிங் செய்தித்தாளில் எழுதிய கடிதம் அதற்கு வழி திறந்தது. அலெக் டிக்சன் தம் துணைவியார் மோராவுடன் அதனை நிறுவி, பள்ளிப்படிப்பு முடித்த இளைஞரைக் கடல்கடந்த நாடுகளுக்கு அனுப்பினார். ஆயின் காலப்போக்கில் அவ்வியக்கம் பட்டமும் தொழிற்றிறனும் பெற்றவரையே நாடலாயிற்று. டிக்சன் அதைவிட்டு விலகி, 1962இல் உள்நாட்டிலேயே சமுதாயப் பணித் தொண்டர் அமைப்பைத் தொடங்கினார். தொண்டு செய்ய முன்வரும் எவரையும் தகுதியற்றவரெனத் தள்ளலாகாது என்பது அதன் கொள்கை. திறமையுள்ளவன் மட்டுமே கொடுக்கத்தக்கவன் என்னும் எண்ணத்திற்கு அது தக்க மறுப்பாயிற்று.

3. நம் நாட்டில் நிகழ்ந்தது

நம் நாட்டிலும் அதே காலத்தில் இவ்வெண்ணம் எழுந்தது. 1959இல் சி. டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு, உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி புக விழைவோர் அனைவரும் 9 மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாய நாட்டுப்பணி செய்ய வேண்டுமெனப் பரிந்துரைத்தது. செலவையும் நடைமுறைச் சிக்கலையும் கருதி அது ஏற்கப்படவில்லை. பின்னர்ப் பிற நாடுகளின் முறைகளை ஆராய்ந்த கே. ஜி. சையிதைன், கட்டாயமின்றி விருப்பத்தின்பேரில் அமைவதே நன்று என்றார். 1969இல், காந்தியடிகள் நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது.

ஓராண்டாகக் கருதப்பெற்றது ஆண்டிற்கு 120 மணி நேரமும் ஒரு வார முகாமுமாகச் சுருங்கிற்று. பட்டதாரிகள் முழுநேரமாகப் பணிபுரியும் தேசியத் தொண்டர் திட்டம் 1977–78இல் தோன்றிப் பின் 2010–11இல் தேசிய இளைஞர் படையுடன் இணைந்தது. எனினும் அது ஒரு சிலருக்கே உரியதாயிற்று. இதில் மற்றோர் உண்மையும் உண்டு. உழைத்தால்தான் அடுப்பெரியும் என்னும் இல்லத்துப் பிள்ளைக்கு ஓராண்டை ஈவது எளிதன்று. உதவித்தொகையின்றி ஓராண்டைக் கேட்போமாயின், வசதியுள்ளவன் கொடுப்பவனாகவும் ஏழை என்றும் ஏற்பவனாகவுமே நிற்பர்.

4. நாம் செய்யத்தக்கது

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன மூன்று. அனுப்பப்படும் இளைஞன் கற்பவனாகச் செல்லட்டும். சேரியின் பிள்ளையும் அவனோடு தொண்டனாகச் சேரும் வண்ணம் சபை அவனுக்குச் சோறும் சிறு தொகையும் அளிக்கட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஊராரே தொடங்கி ஊராரே தொடரும் பணியில் அவன் துணைநிற்கட்டும்.

கருங்குழி வட்டாரத்தில் நேர்ந்த பிழை அம்மாணவருடையது அன்று. அவர்களை அழைத்த என்னுடையது. பத்தாம் வகுப்புவரை படித்த பெண்ணொருத்தி அதே தெருவில் இருந்தாள். அவளை அழைத்து, “இப்பள்ளி உன்னுடையது, இவர்கள் சில வாரம் உனக்கு உதவுவார்கள்” என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருப்பேனாயின், மாணவர் சென்ற மறுநாளும் அத்திண்ணையில் விளக்கு எரிந்திருக்கும். இறையியல் மாணவரே, உங்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பும்போது அப்பெண் யாரென்று முதலில் தேடுங்கள்.