சும்மாடும் ஏழு மலையும்

என் ஆயாவின் சும்மாடு இன்னும் என்னிடம் இருக்கிறது. பீரோவில், புடவைகளுக்குக் கீழே. சும்மாட்டை யாரும் எடுத்து வைப்பதில்லை. பழந்துணியை முறுக்கித் தலையில் வைப்பார்கள், வேலை முடிந்ததும் உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள். ஆயா மட்டும் திருமலைக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தாள். எங்கள் தறியில் அறுத்த துணியின் கடைசி இரண்டு முழம், மஞ்சளில் தோய்த்துக் காயவைத்தது. நீளவாக்கில் நாலாக மடித்து, இரண்டு கையாலும் எதிரெதிராக முறுக்கி, வட்டமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகுவாள். நடுவில் ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழி உச்சந்தலையில் சரியாக உட்கார வேண்டும். ஒரு விரற்கடை பின்னால் போனாலும் புத்தூர் போவதற்குள் பிடரி பிடித்துக்கொள்ளும். முன்னால் வந்தால் பார்வை தரையிலேயே இருக்கும், வழி தெரியாது.

"கழுத்தைக் குனியாதடி. பத்தடி முன்னாடி பார்த்து நட." இதுதான் 1974ஆம் வருஷப் புரட்டாசியில், எனக்குப் பன்னிரண்டு வயதில், ஆயா சொல்லிக் கொடுத்த முதல் பாடம்.

எங்கள் ஊரான பள்ளிப்பட்டுக்காரர்களுக்கு மலை புதிதில்லை. கிழக்கே நகரி மலையின் மூக்கு தெரியும். கடலில் வந்த கப்பல்காரர்களுக்கே அது ஒருகாலத்தில் அடையாளம். பக்கத்தில் நெடியத்து மலையில் செங்கல்வராய சுவாமி. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, அங்கே நாளுக்கு ஒன்றாக 365 படி என்பார்கள். தெற்கே சோளிங்கர், ஆயிரத்து முந்நூறுக்கு மேல் படி. இவையெல்லாம் காலையில் போய் மாலையில் திரும்புகிற மலைகள். திருமலை அப்படியில்லை. ஊரிலிருந்து கார்வேட்டிநகரம் வழியாக ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் நடந்து, அப்புறம் அலிபிரியில் 3,550 படி ஏற வேண்டும். போக மூன்று நாள், அங்கே ஒரு நாள். வீட்டையும் ராட்டையையும் விட்டு ஒரு நெசவுக்காரப் பெண் நாலு நாள் வெளியே இருப்பது என்பது, என் ஆயா காலத்தில், வேறெந்தக் காரணத்துக்காகவும் நடக்காது.

முப்பத்திரண்டு வருஷம் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். வேங்கடத்தைப் பற்றி எழுதப்பட்டதை எல்லாம் கிடைத்தபோது படித்து வந்திருக்கிறேன். ஒன்று என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தமிழில் இந்த மலை முதலில் வருவது ஆண்கள் போகிற இடமாகத்தான். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ் பேசும் உலகத்தின் வட எல்லை என்று வைக்கிறது. அகநானூற்றில் மாமூலனார் பாடும் வேங்கடம் புல்லி என்ற தலைவனுடையது. பொருள் தேடப் போகிறவன் அதைத் தாண்டி மொழி மாறுகிற நாட்டுக்குப் போகிறான். தலைவி வீட்டுச் சுவரில் கோடு கிழித்து நாள் எண்ணுகிறாள். பின்னால் ஆண்டாள் வருகிறாள். நாச்சியார் திருமொழியில் அவளும் மேகத்தைத்தான் வேங்கடத்துக்குத் தூது விடுகிறாள். இலக்கியத்தில் நம் பெண்கள் அந்த மலையைப் பார்த்து ஏங்கியதுதான் அதிகம்.

கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. சாமவை என்று ஒருத்தி, பல்லவ குலத்துப் பெண், காடவன் பெருந்தேவி என்றும் பெயர். திருமலைக் கோயிலுக்கு வெள்ளியில் ஒரு திருமேனி செய்து கொடுத்து, பூசைக்கும் விழாவுக்கும் நிலம் எழுதி வைத்தாள். கி.பி. 966 என்று பொதுவாகக் காலம் சொல்கிறார்கள். போக ஸ்ரீநிவாசர் என்று இன்று சொல்லும் திருமேனி அதுதான். மார்கழி தவிர மற்ற மாதங்களில், ராத்திரி ஏகாந்த சேவையின்போது பள்ளியறைக் கட்டிலில் சயனிப்பது அவர்தான். அந்தச் சேவையில் கடைசியாகக் காட்டும் ஆரத்தி தரிகொண்டா வெங்கமாம்பா பெயரில் நடக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிறந்தவள், இளம் வயதிலேயே விதவை. கைம்பெண் கோலம் பூண மறுத்து, ஊரை விட்டு மலைக்கே வந்துவிட்டாள். தும்புரு கோனையில் தவம் இருந்தாள், தெலுங்கில் வேங்கடாசல மகாத்மியம் எழுதினாள், 1817இல் மலையிலேயே காலமானாள். தினம் ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிடும் அன்னதானக் கூடத்துக்கு இப்போது அவள் பெயர்தான். ஏறத்தாழ எண்ணூறு வருஷ இடைவெளி உள்ள இரண்டு பெண்கள் கொடுத்தது, ஒவ்வொரு ராத்திரியும் அந்தச் சன்னதியில் பக்கத்தில் பக்கத்தில் வருகிறது. இதை முதலில் படித்த அன்று எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

சாமவை வரலாற்றில் இருக்கிறாள், வெங்கமாம்பா இருக்கிறாள். மூட்டை சுமந்து ஏறியவர்கள் இல்லை. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குக் கிளம்பியவர், முதலில் திருப்பதிக்குத்தான் வந்தார். எந்த ஊரில் சத்திரம், எங்கே தண்ணீர், எங்கே கடை என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்ததால் அது புத்தகமானது. என் ஆயாவுக்கும் இதெல்லாம் தெரியும். எந்தத் திண்ணையில் படுக்க விடுவார்கள், எந்தக் கிணற்றில் கயிறு இருக்கும், எந்தப் புளியமரத்தடியில் எறும்பு என்று மனப்பாடம். அவளுக்கு எழுதத் தெரியாது, அவ்வளவுதான். நம் பக்கத்தில் கனகம்மாசத்திரம் என்ற ஊரைத் தாண்டும்போதெல்லாம் நான் ஒரு கணம் கைகூப்புவேன். வழிப்போக்கர் சத்திரத்தின் பெயரில் ஒரு பெண், ஊர்ப்பெயராகவாவது மிஞ்சினாளே.

ஆயா முதலில் மலையேறியது கல்யாணமான புதிதில், 1930களில். கோயில் நிர்வாகம் 1843 முதல் ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகள் கையில் இருந்து, 1933இல் தேவஸ்தானக் கமிட்டிக்கு மாறியிருந்த சமயம். மலைக்கு வண்டிப்பாதை கிடையாது. 1944இல்தான் வந்தது. அதற்கு முன் ஜமீன்தார் வீட்டு அம்மாவாக இருந்தால் டோலி, மற்றவர்களுக்கெல்லாம் கால்தான். பாதை வந்த பிறகும் ஆயா பஸ்ஸில் ஏறவில்லை. "வேண்டிக்கினது கால்தானே, பஸ்ஸா வேண்டிக்கிச்சி?" என்பாள்.

மூட்டைக்குள் என்ன இருக்கும் என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். புளிச்சோறு, முதல் இரண்டு நாளுக்கு. நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, ஆறவைத்து, ஈரமில்லாத வெள்ளைத் துணியில் கட்டியது. கேழ்வரகு மாவு வறுத்து வெல்லம் இடித்துப் பிடித்த உருண்டை, மூன்றாம் நாளுக்கும் மலைக்கும். மாற்றுப் புடவை ஒன்று, சொம்பு ஒன்று, ஒரு பொட்டலம் உப்பு, தீப்பெட்டி, கற்பூரம். படிக்கு வைக்க மஞ்சள் குங்குமம். மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை. அதுதான் நடுவில் இருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமை நாமம் போட்ட சொம்போடு நாலு வீடு கோவிந்தா சொல்லி வாங்கிய அரிசியில் ஒரு பிடியும் கூடப் போகும். எல்லாம் சேர்ந்து ஏழெட்டுக் கிலோ. அதில் கூடுதலாக ஒரு சாமான் வைக்க ஆயா விட மாட்டாள். நான் ஒளித்து வைத்த கண்ணாடியை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டாள்.

யார் வருவது என்பதுதான் பெரிய கணக்கு. தீட்டு நாள் தவறி வரக்கூடாது என்பதால் தெருப் பெண்கள் ஆவணியிலேயே நாள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். கிளம்புகிற அன்று காலையில் அழுதுகொண்டே வீட்டோடு நின்றுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் என் அத்தை அப்படி நின்றாள். அந்த முறை எனக்கு அன்றும் ஏற்பில்லை, இன்றும் இல்லை. ஆனால் இதனால்தான் மாதவிலக்கு நின்ற கிழவிகள் வழிகாட்டிகளானார்கள் என்பதும் உண்மை. ஐம்பதைத் தாண்டினால் ஒருத்தியை மூலையில் உட்கார வைக்கிற ஊரில், இந்த ஒரு காரியத்தில் அவள்தான் முன்னால் நடந்தாள். நாங்கள் வேலை செய்த தறியின் முதலாளி ஒருவர் நாலு நாள் கூலியைப் பிடிப்பேன் என்று ஒவ்வொரு வருஷமும் மிரட்டுவார். அவர் பெயரெல்லாம் வேண்டாம். ஆயா அவர் வாசலில் போய் நின்று, "சாமி காரியம்" என்று இரண்டு வார்த்தை சொல்வாள். அதற்கு மேல் எந்த ஆணாலும் எதுவும் பேச முடியாது. வேண்டுதல் ஒன்றுதான் எங்கள் பெண்களுக்கு யாராலும் மறுக்க முடியாத லீவு.

விடிய நாலு மணிக்கு ஊரை விட்டால் வெயில் ஏறுவதற்குள் கார்வேட்டிநகரம். அங்கே வேணுகோபால சுவாமிக்கு ஒரு கற்பூரம். பொழுது சாய நாராயணவனம். பத்மாவதியின் தந்தை ஆகாசராஜன் ஆண்ட ஊர், கல்யாணம் நடந்த ஊர் என்பதால் அது எங்களுக்குப் பெண் வீடு. அங்கே படுக்கும்போது கிழவிகள் கல்யாணக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், பாதி தமிழ், பாதி தெலுங்கு. மறுநாள் வடமாலப்பேட்டை, அப்பலாயகுண்டா, ராத்திரி திருச்சானூர். தாயாரைப் பார்க்காமல் மலைமேல் கால் வைக்கக் கூடாது.

இந்த வழி முழுவதும் ஒரே மாவட்டமாக இருந்ததை ஆயா பார்த்தவள். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தபோது நாங்கள் சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போய்விட்டோம். மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் வடக்கெல்லைக்குப் போராடினார்கள். பலர் சிறை சென்றார்கள். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணியோடு பள்ளிப்பட்டும் இந்தப் பக்கம் வந்தது. வேங்கடம் வரவில்லை. அந்தப் போராட்டத்தை நான் மதிக்கிறேன், அதனால்தான் என் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடம் நடத்த முடிந்தது. ஆனாலும், ஊரை விட்டுச் சற்று தூரத்திலேயே எல்லைப் பலகையைத் தாண்டும்போது ஆயா ஒரு முறையும் நின்றதில்லை. அவளுக்குப் பலகையைப் படிக்கவும் தெரியாது.

அலிபிரியில் பாத மண்டபம். அங்கே பெருமாள் பாதுகையைத் தலையில் ஏந்தி வலம் வருவார்கள். ஆயாவுக்கு அது பிடித்த காரியம். மூன்று நாள் மூட்டை சுமந்த அதே தலை. அடுத்து தலையேறு குண்டு. நோவு போக அந்தப் பாறையில் முழங்காலை வைத்து அழுத்துவார்கள், காலங்காலமாக அழுத்தி அழுத்திக் கல்லே குழிந்திருக்கிறது. "ஏறசொல்ல பேசாத, எறங்கசொல்ல ஓடாத" என்பது ஆயாவின் சட்டம். காலி கோபுரம் வரைக்கும் செங்குத்து, அப்புறம் காடு. கடைசியில் மோகாளி மெட்டு. அங்கே முழங்காலால் ஏறுகிறவர்கள் உண்டு. ராமானுசர் அப்படித்தான் ஏறினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. என் அம்மாவும் ஒரு முறை ஏறினாள், எனக்கு அம்மை கண்ட வருஷம்.

இப்போது என் மகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறாள். போன வருஷம் அவளும் உடன் வேலை செய்யும் ஆறு பெண்களும் சேர்ந்து உத்தரகாண்டில் கேதார்கந்தா மலைக்குப் போனார்கள். ஐம்பது லிட்டர் பேக் ஒன்று வாங்கி வந்து என்னிடம் காட்டினாள். இடுப்பில் ஒரு பட்டை, பாரம் தோளில் இறங்காமல் இடுப்பெலும்பில் உட்கார. நான் பீரோவைத் திறந்து சும்மாட்டை எடுத்துக் காட்டினேன். இதுவும் அதுதான், பாரத்தைச் சதையில் ஏற்றாமல் எலும்பில் நிறுத்துவது. அவள் வெகு நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பச்சேந்திரி பாலைப் பற்றி விவரமாகச் சொன்னவள். 1984இல் எவரெஸ்ட் ஏறியது எனக்கும் தெரியும். 1997இல் எட்டுப் பெண்கள் கொண்ட குழுவாக அருணாசலப் பிரதேசத்திலிருந்து சியாச்சின் வரை இமயமலை ஓரமாகவே 225 நாள் நடந்ததும், 2022இல் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களை அழைத்துக்கொண்டு பாங்சாவ் கணவாயிலிருந்து கார்கில் பக்கம் வரை மறுபடியும் நடந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ஐம்பதைத் தாண்டியவர்கள்! ஆயா கேட்டிருந்தால் அவர்கள் மூட்டையில் என்ன இருந்தது என்று முதலில் விசாரித்திருப்பாள்.

எங்கள் தெருவில் இன்னும் நடக்கிறார்கள். தறிகள் எல்லாம் பவர்லூமாகிவிட்டன, கட்டுச்சோற்றுக்குப் பதில் வழியெல்லாம் அன்னதானப் பந்தல். சாமான் பையை முன்னாலேயே ஆட்டோவில் அனுப்புகிறவர்களும் உண்டு. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை அடித்துக் கொன்ற பிறகு, நடக்கிறவர்கள் கையில் கம்பு கொடுத்தார்கள், கூட்டமாகப் போகச் சொன்னார்கள். ஆயா காலத்தில் சொல்ல ஆளில்லை, தனியாகப் போனால் செத்தோம் என்று அவர்களுக்கே தெரியும். கிளம்பும்போது ஆயா தன் முந்தானை நுனியில் ஆளுக்கொரு முடிச்சுப் போடுவாள். ஒவ்வொரு மண்டபத்திலும் உட்கார்ந்து, முடிச்சைத் தடவி, பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். எல்லா முடிச்சுக்கும் குரல் வந்தால்தான் எழுந்திருப்பாள்.

போன புரட்டாசியில் அந்த முடிச்சு என் முந்தானையில் இருந்தது. பதினொன்று. காலி கோபுரத்தில் கூப்பிட்டேன், பத்துக் குரல்தான் வந்தது. எதிர்வீட்டு மருமகள், முதல் தடவை வந்தவள், படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு கீழே எங்கேயோ வந்துகொண்டிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கேழ்வரகு உருண்டையைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒன்றை மட்டும் துணியிலேயே வைத்து மடித்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் தலை தெரிகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை.