சிக்கன் பாக்கெட்டை உளவு பார்க்கும் கனடா!

சூப்பர் மார்க்கெட்ல ஒரு சிக்கன் பாக்கெட்டை எடுக்கிறீங்க. எடை, விலை, பேக் செய்த தேதி எல்லாம் லேபிளில் இருக்கும். அந்தக் கறியில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா எந்த ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்ற தகவல் மட்டும் இருக்காது. இதைத் தெரிஞ்சுக்கவே ஓர் அரசாங்கம் ஆள் அனுப்பி கடை கடையா கறி வாங்குதுன்னா நம்புவீங்களா?

கனடாவில் அது நடக்கிறது. 2002-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பெயர் 'சிபார்ஸ்'. நம்மைப் போலவே கடையில் காசு கொடுத்து கோழி, மாடு, பன்றி இறைச்சியை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே கறியில் இருக்கும் சால்மோனெல்லா, ஈ.கோலி, கேம்பிலோபேக்டர் போன்ற பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்து, ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். செத்தால் மருந்து வேலை செய்கிறது. சாகாமல் வளர்ந்தால், 'ரெசிஸ்டன்ட்'.

பண்ணையிலும் பண்ணைக்கு வரும் குஞ்சுகளிடமும் மருந்தை அள்ளிவிட்டால், சாதாரண பாக்டீரியா செத்து, தாக்குப்பிடிக்கும் ரகம் மட்டும் பெருகும். அது கறியோடு கடைக்கு வரும், கடையிலிருந்து கிச்சனுக்கு.

சரி, சும்மா எண்ணிக்கிட்டே இருந்தா என்ன பிரயோஜனம்? இதற்குப் பதில் கியூபெக் மாகாணத்தில் இருக்கிறது. அங்குள்ள குஞ்சு பொரிப்பகங்களில், தொற்று வராமல் தடுக்க முட்டைக்குள்ளேயே 'செஃப்டியோஃபர்' மருந்தை ஊசியாகப் போட்டுவந்தார்கள். நோய் வந்த கோழிக்கு இல்லைங்க, இன்னும் பொரிக்கவே பொரிக்காத குஞ்சுக்கு! இது மனிதர்களுக்குக் கொடுக்கும் செஃப்ட்ரியாக்சோனின் நெருங்கிய உறவு. சால்மோனெல்லா தீவிரமாகும்போது குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டர்கள் நம்பும் மருந்து அது.

கடைக் கோழியில் கிடைத்த 'சால்மோனெல்லா ஹைடல்பெர்க்' வகையில் 62 சதவிகிதம் செஃப்டியோஃபருக்கு அடங்கவில்லை என்று சிபார்ஸ் காட்டியது. நோயாளிகளிடமும் அதே ரகம் கிடைத்தது. விஷயம் வெளியே வந்ததும், 2005 பிப்ரவரியில் பொரிப்பகங்கள் தாங்களாகவே ஊசியை நிறுத்தின. 62 சதவிகிதம் 7-ஆக இறங்கியது, மனிதர்களிடமும் சரிந்தது. பிறகு ஓரளவு மறுபடி ஊசியைப் பயன்படுத்த ஆரம்பித்ததும் 20-க்கு ஏறியது. போட்டால் ஏறுது, நிறுத்தினால் இறங்குது. இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கஷ்டம். கடைசியில் 2014-ல், மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமான ஆன்டிபயாட்டிக்குகளை நோய்த்தடுப்புக்காகக் கொடுப்பதையே கனடா கோழிப் பண்ணைத் துறை கைவிட்டது.

ஆனா, தேடுற இடத்துலதானே கிடைக்கும்? அதே 2014-ல் சாஸ்கடூன் நகரக் கடை ஒன்றில் வாங்கிய கணவாயை அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். தென்கொரியாவிலிருந்து இறக்குமதியானது. அதிலிருந்த ஒரு பாக்டீரியாவிடம், கடைசிக் கட்ட மருந்தான கார்பபெனெமையே செயலிழக்க வைக்கும் மரபணு! அந்த பாக்டீரியா சாதாரணமாக நோய் உண்டாக்காதுதான். ஆனால், இப்படிப்பட்ட மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை. அரசின் கண்காணிப்போ அப்போது கோழி, மாடு, பன்றி, வான்கோழியோடு நின்றிருந்தது. கடல் உணவு பட்டியலிலேயே இல்லை.

இந்தியாவிலும் இந்தக் கவலை உண்டு. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை, கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் பயன்படுத்த 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது.

இனி சிக்கனே வேண்டாமா என்று பதற வேண்டாம். எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியாவும் அடுப்புச் சூட்டுக்கு அடங்கும். கோழித் துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும். ஆபத்து பெரும்பாலும் சமைப்பதற்கு முன்னாடிதான். கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம், வெள்ளரிக்காய் நறுக்குவது, கறியைத் தொட்ட கையோடு போனை எடுப்பது... இதெல்லாம்தான் வம்பு. குழாயை வேகமாகத் திறந்து கறியைக் கழுவினால், தெறிக்கிற தண்ணீர் பக்கத்துப் பாத்திரத்துக்கும் போகும். மஞ்சள்தூள் போட்டு அலசாமல் நம்ம வீட்டில் விடமாட்டாங்க. அப்படியென்றால் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து மெதுவாக அலசுங்கள், முடிந்ததும் சிங்க்கை சோப்பு போட்டுத் தேயுங்கள்.

இன்னொண்ணு... 'ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வளர்த்தது' என்ற லேபிள், கோழி வளர்ந்த விதத்தைத்தான் சொல்கிறது. கறியில் பாக்டீரியாவே இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பாக்கெட்டைத் தொட்டாலும் கை கழுவணும்.